ஒரே ஒரு வீட்டுக்குப் போங்கள்: படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கும் ஊழியம்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் கம்பளி கொடுக்கக் கிளம்புவோம். நல்ல காரியம்தான். டிசம்பர், ஜனவரி உறைபனியில் எந்தக் கம்பளியும் வீண்போகாது. ஆனால் ஒரே மத்தியானத்தில் தேயிலை எஸ்டேட் முழுக்க ஏறி இறங்கி வருகிறவர்களின் முகத்தில் அலுப்புதான் தெரிகிறது. ஊழியத்தில் சந்தோஷம் வேண்டுமானால் ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கப் போய்வருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

எந்த வீடு என்று தெரியாவிட்டால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பெண்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில், எந்த லைன் வீட்டில் யார் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்பது நன்றாகத் தெரியும். கிறிஸ்தவ வீடாகப் பார்த்துத் தேடாதீர்கள். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கின சமாரியன் அவனுடைய ஜாதியை விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு போவது நமக்கு வசதி, அவர்களுக்கு இல்லை. அன்றுதான் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். துணி துவைப்பார்கள், கறி எடுத்துச் சமைப்பார்கள். வேலை நாளில் எல்லாரும் காலையிலேயே கொழுந்து எடுக்கப் போய்விட, பெரியவர் சாயங்காலம் வரை தனியாகக் கிடப்பார். மேகம் விலகி வெயில் வருகிற பதினொரு மணிவாக்கில் போங்கள். ஒரு கிழமையைச் சொன்னால் அதே கிழமை போங்கள். அவர் அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

முதல் நாள் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். போனதும் ஏதாவது கேளுங்கள். கிணற்றங்கரையில் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் ஒன்றையும் கொடுக்கவில்லை. 'தாகத்துக்குத் தா' என்று கேட்டார். நீங்களும், "ஆச்சி, கொஞ்சம் சாயத்தண்ணி கிடைக்குமா?" என்று பால் சேர்க்காத தேநீர் கேட்டுப் பாருங்கள். அவரால் எழுந்து போட முடியாது; "அந்த டப்பாவில சீனி இருக்கு, போட்டுக்கோ பிள்ளை" என்று வழிசொல்வார். அந்த நேரம் அவர் நோயாளி அல்ல, வந்தவருக்கு உபசாரம் செய்கிற வீட்டுக்காரி. இங்கே வயதானவர்களில் பலர், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள். விட்டுவந்த தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்கக் காது இருந்தால் அவர்களிடம் கொடுக்க நிறைய இருக்கிறது. வாங்கிக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு ஊழியத்தின் ருசி தெரியாது என்பது என் தீர்மானமான எண்ணம்.

பழகிய பிறகு, அவர் சம்மதித்தால், கால் கழுவிவிடுங்கள். சபைகளில் பெரிய வியாழன் அன்று சடங்காகச் செய்வதை இங்கே தேவைக்காகச் செய்கிறோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பாதத்தை வெகுநேரம் ஊறவைக்காதீர்கள். விரலிடுக்கை ஒற்றி ஒற்றித் துடையுங்கள், அங்கே ஈரம் தங்கினால் புண் வரும். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். நகத்தை ஓரம் குடையாமல் நேராக வெட்டுங்கள். புண் கண்ணில் பட்டால் நகத்தில் கைவைக்காமல் செவிலியருக்குச் சொல்லிவிடுங்கள்.

கால் கழுவும்போதே குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதியைப் பார்த்துவிடுங்கள். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது; நிறம் மாறியிருக்கிறதா, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எல்லாரும் வேலைக்குப் போன வீட்டில் யார் புரட்டுவது? பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும் நேரம் பார்த்து ஏற்பாடு செய்து கொடுப்பதும் உங்கள் ஊழியம்தான். ஜெபத்தைவிட அது குறைந்த காரியம் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். குளிருக்காகக் கரி நெருப்பை உள்ளே வைத்துக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கும் வழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். படுக்கப்போகும் முன் நெருப்பை வெளியே வைக்கச் சொல்லுங்கள். இதை வெட்கப்படாமல் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் உண்மையாகவே களைத்துப்போனவர் பெரும்பாலும் மருமகள்தான். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு மாமியாரின் துணியை அலசுகிறவள் அவள். அவளுக்கு யாரும் பழம் வாங்கிக்கொண்டு வருவதில்லை. அவளுடைய லீவு நாளில் ஒருமுறை போய், "நீ போய்ப் படும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவள் தூங்கி எழுந்து வரும்போது முகத்தைப் பாருங்கள். ஆண்டவர் சிறியவர்களில் ஒருவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாகச் சொன்னது எவ்வளவு மெய் என்று அன்றைக்குத் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டுவிட்டுப் பண்ணுங்கள். வேண்டாம் என்றால் மனவருத்தம் கூடாது. கால் கழுவியதற்குக் கூலியாக ஜெபத்தைக் கேட்கக் கூடாது. போட்டோ எடுக்காதீர்கள். சபைக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிச் சாட்சி சொல்லவும் வேண்டாம்.

சந்தோஷம் உடனே வரும் என்று நான் சொல்லமாட்டேன். மழையில் பஸ் வராமல் நனைந்து போய்ச் சேர்ந்தால், "இப்பத்தான் வர்றியா?" என்று சிடுசிடுப்பார்கள். வலியில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். மார்த்தாளைப் போல அநேக காரியங்களை இழுத்துப் போட்டுக்கொண்டால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு வீட்டுக்கு மேல் எடுக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

தனியாகவும் போகாதீர்கள். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். சபையில் ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இளம்பிள்ளையாக. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவர் போகட்டும். இருமலோடு நீங்கள் போனால் அது பெரியவரின் நெஞ்சில் இறங்கிவிடும். இரண்டு பேருமே போக முடியாத வாரம் வந்தால் முந்தின நாளே ஆள் மூலமாகவோ போனிலோ சொல்லியனுப்புங்கள்.