பெங்களூரில் முதல் கிளாஸ் பீர்

21 வயது நிரம்பியவர்கள் மைல்டு பீரில் தொடங்குங்கள். இந்திராநகர், கோரமங்களாவில் உள்ள மைக்ரோபுரூவரிகளில் (தாங்களே பீர் காய்ச்சி விற்கும் பப்கள்) கிடைக்கும் வீட் பீர், அதாவது கோதுமை பீர், நல்ல தேர்வு. கசப்பு குறைவு, வாழைப்பழமும் கிராம்பும் கலந்தாற்போல் ஒரு வாசம் வரும், அது ஈஸ்ட் தருவது. 330 மில்லியை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாகக் குடியுங்கள்.

பலர் சறுக்குவது ஸ்ட்ராங் பீரில்தான். ஆல்கஹால் 8 சதவீதம் என்றால் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால். 30 மில்லி விஸ்கி நாலு அடித்ததற்குச் சமம். ‘பீர்தானே’ என்று மடமடவென இறக்காதீர்கள்.

வெறும் வயிறு கூடவே கூடாது, சட்டென்று ஏறிவிடும். முன்னாலேயே தயிர்சாதமோ இரண்டு தோசையோ சாப்பிட்டுவிடுங்கள். மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். திரும்பும்போது ஆட்டோதான்: வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராம் தாண்டினாலே வழக்கு.