முதல் வள்ளம்: ஒன்ராறியோவில் பாவித்த மீன்பிடிப் படகு வாங்குவது எப்படி

குடும்பத்தோடு மீன்பிடிக்கவும் சும்மா ஓடித் திரியவும் முதல் தடவையாகப் படகு வாங்குகிறீர்கள் என்றால், விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன் எந்த ஏரியில் அதை இறக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குக் கிட்ட உள்ளவை ஸ்கூகொக், ரைஸ், சிம்கோ ஆகிய ஏரிகள். ஸ்கூகொக்கும் ரைஸும் ஆழம் குறைந்தவை, பாசி நிறைந்தவை. அங்கே 14 முதல் 16 அடி வள்ளமும் 20 முதல் 40 குதிரைவலு மோட்டரும் தாராளம். சிம்கோ வேறு கதை. ஏறத்தாழ 722 சதுர கிலோமீற்றர் பரப்பு, ஆழமான இடத்தில் 41 மீற்றர். காற்று எழும்பினால் குறுகிய, செங்குத்தான அலைகள் சட்டென்று வரும். பிள்ளைகளோடு அங்கே போவதற்கு 16 முதல் 18 அடி நீளம், ஆழமான 'வி' வடிவ அடிப்பாகம், உயர்ந்த பக்கச்சுவர், 60 குதிரைவலுவுக்கு மேற்பட்ட மோட்டர் வேண்டும். சால்மன் மீன் பிடிக்க ஒன்ராறியோ ஏரிக்குப் போவதை முதல் வள்ளத்தின் நோக்கமாக வைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் கோடையிலும் குளிர், கரை தூரம்.

புதிதாக வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: அலுமினிய வள்ளம், வெளியிணை மோட்டர் (வள்ளத்தின் பின்புறம் வெளியே மாட்டுவது). உள்ளே எஞ்சினும் பின்னால் சுழலும் காலும் உள்ள ஃபைபர்கிளாஸ் படகுகள் அதே விலைக்குப் பளபளப்பாகக் கிடைக்கும், சோபாபோல இருக்கைகளும் இருக்கும். ஆனால் ஒன்ராறியோவின் பனிக்காலம் அவற்றின் எதிரி. எஞ்சின் புளொக்கில் தங்கிய தண்ணீர் உறைந்து விரிந்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும். ஒரு வருடம் வடிக்க மறந்தால் போதும். அந்த வெடிப்பு வெளியே தெரியாது, வசந்தத்தில் ஒயிலோடு தண்ணீர் கலக்கும்போதுதான் தெரியவரும். வெளியிணை மோட்டரை நிமிர்த்தி வைத்தால் குளிரூட்டும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். உள்ளெஞ்சின் படகுகளின் பின்காலைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் படகே மூழ்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்க நல்ல காலம் செப்ரெம்பரும் ஒக்ரோபர் தொடக்கமும். பனிக்கால வைப்பிடத்துக்குக் காசு கட்ட விரும்பாதவர்கள் விலையில் இறங்குவார்கள், ஏரியும் இன்னும் உறையாததால் ஓட்டிப் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் எல்லோரும் தேடுவதால் விலை ஏறும். தார்ப்பாயின் கீழ் பனியில் கிடக்கும் படகை 'போன வருஷம் நல்லா ஓடினது' என்ற வாக்கை நம்பி வாங்காதீர்கள்.

போக முன்

விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: படகின் பின்பலகையில் வலது பக்கம் பொறித்த 12 எழுத்து அடையாள எண், மோட்டரின் தொடர் எண், ரெயிலரின் எண். அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டைச் சொல்லும். விளம்பரத்தில் வேறு ஆண்டு போட்டிருந்தால் அங்கேயே கேள்வி தொடங்குகிறது. மாகாணத்தின் பிணையப் பதிவேட்டில் அந்த எண்களையும் விற்பவர் பெயரையும் தேடிப் பாருங்கள். படகின் மேல் கடன் மிச்சம் இருந்தால் நீங்கள் காசு கொடுத்த பிறகும் கடன் கொடுத்தவர் அதைப் பறிக்க முடியும்.

இன்னொன்று சொல்லி வையுங்கள்: 'நாங்கள் வரும்வரை மோட்டரை இயக்க வேண்டாம்.' குளிர்ந்த மோட்டர் எப்படி எழும்புகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. போய்ச் சேர்ந்ததும் மேல்மூடியைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: டோர்ச், பிளாஸ்ரிக் சுத்தியல், அகலவாய் ஸ்குரூட்ரைவர், சிறு காந்தம், கொம்பிரெஷன் மானி (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளப்பது), பல்மானி (வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றர்), வெள்ளைத் துணி, தோட்டக் குழாயை மோட்டரின் நீர் உறிஞ்சும் துளைகளில் பொருத்தும் ரப்பர்ச் செவிகள்.

வள்ளத்தின் உடல்

முதலில் உள்ளே ஏறித் தரை முழுவதும் குதிக்கால் ஊன்றி நடவுங்கள். கம்பளத்தின் கீழ் பிளைவுட் உக்கியிருந்தால் கால் அமிழும். இருக்கைத் தூண்களைச் சுற்றியும் பின்பக்க மூலைகளிலும் தான் முதலில் உக்கும். தரைக்குக் கீழுள்ள மிதவை நுரை பல வருடங்களில் தண்ணீரைக் குடித்துவிடுவதும் உண்டு. வள்ளம் அதன் விவரக்குறிப்பில் உள்ள நிறையைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடுதலாக இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். பாரவண்டி எடைமேடையில் ரெயிலரோடு நிறுத்தினால் ஓரளவு தெரியும்.

அலுமினிய வள்ளத்தின் ஆணிமூட்டுகள் கசிகின்றனவா என்று அறிய, ரெயிலரில் நிற்கும்போதே அடிப்பாகத்தை வெளிப்பக்கம் துடைத்து உலர்த்தி, வடிகால் அடைப்பை மாட்டி, உள்ளே பின்பக்கம் ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். பத்து நிமிடத்தில் எந்த ஆணியடியில் துளி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று ஆணி கசிவது சாதாரணம், அவற்றைத் திரும்ப அடித்து இறுக்கலாம். ஏராவின் (அடிப்பாகத்தின் நடுவே நீளமாக ஓடும் முதுகு) வழியே வரிசையாகக் கசிந்தால் வள்ளம் பாறைகளில் அடிபட்டிருக்கிறது. அதற்குமேல் தண்ணீர் நிரப்பாதீர்கள்: 200 லீற்றர் என்பது 200 கிலோ. யாராவது பழைய தரையை மாற்றி மருந்தூட்டிய பிளைவுட் போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த மருந்தில் உள்ள செம்பு அலுமினியத்தை அரித்துச் சிறு குழிகளாக்கும்.

பின்பலகைக்கு நேரம் ஒதுக்குங்கள். மோட்டரின் முழுப் பாரத்தையும் உந்துதலையும் தாங்குவது அது. அலுமினிய வள்ளங்களிலும் பெரும்பாலும் அதன் உள்ளே மரம்தான். மோட்டரைப் பாதி உயர்த்தி, அதன் காலை (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி) பிடித்து உங்கள் உடல் பாரத்தால் மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் பின்பலகையின் மேல்விளிம்பைப் பார்க்கட்டும். பலகை வளைந்தாலோ மூலைகளில் வெடிப்பு விரிந்தாலோ உள்ளே மரம் உக்கிவிட்டது. பிளாஸ்ரிக் சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள்: நல்ல மரம் கூர்மையான ஓசை தரும், உக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். மீன்காட்டியின் உணரி பொருத்தியிருக்கும் ஸ்குரூ ஒன்றை விற்பவரின் அனுமதியோடு கழற்றிப் பாருங்கள். கறுத்த ஈரத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் விவாதிக்க எதுவும் இல்லை. பின்பலகையை மாற்றுவதற்கு மோட்டரை இறக்கி வள்ளத்தின் பின்பகுதியையே பிரிக்க வேண்டும். கூலி மட்டுமே பழைய வள்ளத்தின் பெறுமதியைத் தாண்டிவிடும்.

உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டையும் வாசியுங்கள். எத்தனை பேர், எத்தனை கிலோ, அதிகபட்சம் எத்தனை குதிரைவலு என்று அதில் இருக்கும். தகட்டில் உள்ளதைவிடப் பெரிய மோட்டர் பூட்டிய வள்ளத்தை வாங்காதீர்கள். காப்புறுதி நிறுவனமும் கேள்வி கேட்கும்.

மோட்டர்

தயாரிப்பு ஆண்டோடு பெயரையும் பாருங்கள். யமஹா, மேர்க்குரி, சுசுக்கி, ஹொண்டா நான்குக்கும் உதிரிப்பாகமும் திருத்துநரும் இங்கே தாராளம். எவின்றூட் மோட்டர்களின் தயாரிப்பு 2020 இல் நின்றுவிட்டது. நல்ல நிலையில் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் உங்கள் ஊர்ப் பட்டறை அதைத் தொடுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

முதற் சோதனை கியர் ஒயில். மோட்டரை நிமிர்த்தி வைத்து, காலின் அடியிலுள்ள வடிகால் ஸ்குரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது, ஆகவே உள்ளே இருந்தால் அதுதான் முதலில் ஒழுகும். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் அச்சின் அடைப்புவளையம் போய்விட்டது. பெரும்பாலும் புரொப்பலருக்குப் பின்னால் சுற்றிய தூண்டில் நரம்புதான் அதை வெட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்தால் கியர்ப்பெட்டியே வெடிக்கும். காந்தத்தில் சன்னமான சாம்பல் பசை ஒட்டுவது இயல்பு. துகள்களாக ஒட்டினால் பற்கள் உடைகின்றன.

அடுத்தது கொம்பிரெஷன். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பை இழுத்து எரியூட்டலை நிறுத்தி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, மானியை ஒவ்வொரு பிளக் துளையிலும் பொருத்தி அதன் முள் நிற்கும்வரை ஸ்ராட்டரைச் சுழற்றுங்கள். எத்தனை பி.எஸ்.ஐ (அழுத்த அலகு) என்பது மோட்டருக்கு மோட்டர் மாறும். எல்லா சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருக்கின்றனவா என்பதே முக்கியம். 120, 118, 122 என்றால் நல்லது. 120, 85, 118 என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

பிறகு ரப்பர்ச் செவிகளை மாட்டித் தண்ணீரைத் திறந்த பின்னரே இயக்குங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்பிலுள்ள ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சிறு சுழலி) மிகச் சீக்கிரம் கருகிவிடும். பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் திடமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம் அல்லது துளை அடைத்திருக்கலாம். சிலிண்டர்த் தலையில் பெயின்ற் கருகியோ கொப்பளித்தோ இருந்தால் மோட்டர் முன்பு கொதித்திருக்கிறது. சொல்லாமல் விட்டார்கள் என்றால் மற்ற வார்த்தைகளையும் அதே தராசில் நிறுங்கள். பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற், மோட்டர் ஓடும்போது 13.5 க்கும் 14.5 க்கும் இடையில் காட்ட வேண்டும்.

இத்தனையும் தேறினாலும் தண்ணீரில் ஓட்டாமல் காசு கொடுக்க வேண்டாம். உங்கள் குடும்பத்தின் பாரத்துக்கு நிகரான ஆட்களை ஏற்றி முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டுங்கள். மோட்டர் எட்ட வேண்டிய ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி) அதன் கையேட்டில் இருக்கும், பலவற்றுக்கு 5000 முதல் 6000 வரை. சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் புரொப்பலரின் உள்ரப்பர் வழுக்குகிறது. மிக மெதுவான ஓட்டத்தில் பத்து நிமிடம் விடுங்கள். தூண்டிலை இழுத்துக்கொண்டு போகும்போது தேவைப்படுவது அதுதான், எத்தனோல் கலந்த பழைய பெற்றோலால் கார்புரேற்றர் அடைத்திருந்தால் அங்கேதான் திக்கித் திணறும். நிறுத்தி, சூட்டிலேயே மறுபடி எழுப்புங்கள். கரைக்கு வந்ததும் தரைக்குக் கீழ் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

ரெயிலர்

ரெயிலரைப் பலர் பார்ப்பதே இல்லை, பிறகு நெடுஞ்சாலை 404 இன் ஓரத்தில் நிற்கிறார்கள். சூடான சக்கரக்குடம் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும், பெயரிங் துருப்பிடிக்கும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஜக்கில் உயர்த்திச் சுழற்றுங்கள், கரகரத்தாலோ ஆடினாலோ மாற்ற வேண்டும். ரயரின் பக்கத்திலுள்ள கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரம். ஆறு வருடத்துக்கு மேற்பட்டதை, பூ தேயாவிட்டாலும், மாற்றுங்கள். மொத்த நிறை 1360 கிலோவோ அதற்கு மேலோ என்றால் ஒன்ராறியோவில் ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். கொக்கியில் விழும் பாரம் மொத்தத்தில் ஏறத்தாழப் பத்து வீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். உங்கள் வாகனத்தின் இழுவை எல்லையோடு வள்ளம், மோட்டர், பெற்றோல், ரெயிலர் நான்கையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

காசும் கடதாசியும்

கையில் உள்ள காசில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு வள்ளம் தேடுங்கள். இம்பெல்லர், கியர் ஒயில், பிளக்குகள், பெற்றோல் வடிகட்டி, குழாய், பற்றரி, பெயரிங் கிறீஸ் என்று முதல் மாதத்திலேயே வேலை வரும். பேரம் பேசும்போது இந்தப் பட்டியலையே காட்டுங்கள், மொட்டையாகக் குறைக்கச் சொல்வதைவிட அது எடுபடும். மோட்டர் பற்றி ஐயம் இருந்தால் மரீனா திருத்துநர் ஒருவருக்கு ஒரு மணி நேரக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்வது மிக மலிவான காப்புறுதி.

விற்பனைச் சீட்டில் இருவர் பெயர், முகவரி, திகதி, விலை, மூன்று எண்களும், கையொப்பங்களும் வேண்டும். 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ மோட்டர் என்றால் உல்லாசப் படகு உரிமம் தேவை. கனடா போக்குவரத்து அமைச்சில் அதை உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அந்த உரிம எண் அணியத்தின் (வள்ளத்தின் முன்பகுதி) இரு பக்கமும் 7.5 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும். ரெயிலரின் உடைமைப் பத்திரம் தனி, அது சேர்விஸ் ஒன்ராறியோவில் மாறும். மோட்டர்ப் படகு ஓட்டுபவரிடம் படகோட்டி அட்டை இருக்க வேண்டும். இணையத்தில் படித்துப் பரீட்சை எழுதலாம், காலாவதி இல்லை. மீன்பிடிக்க 18 முதல் 64 வயதினருக்கு வெளிக்கள அட்டையும் உரிமமும் வேண்டும்.

ஆறு மீற்றருக்கு உட்பட்ட வள்ளத்தில், ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிற்றோடு நங்கூரம், தண்ணீர் இறைக்கும் கோப்பை அல்லது பம்பு, விசில், நீர்புகா டோர்ச் ஆகியன இருக்க வேண்டும். பொருத்திய பெற்றோல் தாங்கி இருந்தால் தீயணைப்பான் கூட. பிள்ளைகளின் அங்கியைப் பழைய படகோடு சேர்த்து வாங்காதீர்கள். அவர்களின் இன்றைய நிறைக்குப் புதிதாக வாங்கி, கடைசிக் கொளுவிவரை மாட்டிவிடுங்கள். மதுவைக் கரையிலேயே விடுங்கள். தூங்கும் இடமும் சமையலும் கழிப்பறையும் இல்லாத படகில் ஒன்ராறியோ சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

முதல் நாள் இறக்கும்போது வடிகால் அடைப்பு மாட்டியாகிவிட்டதா என்று இறக்குதளத்துக்கு வெளியே நின்றே பாருங்கள். திரும்பும்போது அதே அடைப்பைக் கழற்றி, ரெயிலரில் ஒட்டிய பாசியையும் அகற்றிய பின்னரே வீதிக்கு ஏற வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி போன்றவை ஏரிவிட்டு ஏரி தாவாமல் இருக்க 2022 ஜனவரி 1 முதல் இது மாகாணச் சட்டம். வழியில் ஒருமுறை நிறுத்தி இரண்டு சக்கரக்குடங்களையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மற்றதைவிடச் சுட்டால் அந்தப் பெயரிங்கை அடுத்த பயணத்துக்கு முன் மாற்றுங்கள். ஒக்ரோபரில் படகை மூடி வைக்கும்போது கியர் ஒயிலை மாற்றுங்கள். வடிவது வெளுத்திருந்தால் உறைபனி வர முன்பே அடைப்புவளையத்தைப் புதிதாகப் போடுங்கள்.