முதல் வீடு வாங்கும் ஜோடி: 22 நிமிட நகைச்சுவை எபிசோட் எழுதுவது எப்படி?

குடும்ப நகைச்சுவைத் தொடருக்கு முதன்முதலாக எழுத உட்காருகிறவர்களுக்கு நான் தயங்காமல் கொடுக்கும் கதை ஒன்றுதான். கல்யாணமாகிச் சில வருடமான ஜோடி, கோலாலம்பூரில் முதல் அடுக்குமாடி வீடு வாங்குகிறது. கெடு, பணமுடை, ரகசியம் மூன்றையும் வீடு வாங்கும் நடைமுறையே கொடுத்துவிடும். நீங்கள் புதிதாக எதையும் கட்டி எழுப்ப வேண்டியதில்லை. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக 22 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் கணக்கு, அப்புறம் கதை

வசனத்துக்குப் போகாதீர்கள். ஒரு தாளில் பணக் கணக்கைப் போடுங்கள். செந்தூலில் ஒருவர் குடியிருந்து விற்கும் வீடு, விலை 4 லட்சம் ரிங்கிட். வாங்க ஒப்புக்கொண்டு கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது வழக்கமாக 3 விழுக்காடு கட்ட வேண்டும், அதாவது 12,000. பிறகு சுமார் 14 வேலை நாளுக்குள் வழக்கறிஞர் அலுவலகத்தில் எஸ்பிஏ என்கிற விற்பனை ஒப்பந்தம். அன்றைக்கு இன்னொரு 7 விழுக்காடு, 28,000. மீதி 90 விழுக்காட்டை வங்கி தரும் என்பது ஜோடியின் நம்பிக்கை.

இப்போது உங்கள் கையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. 14 வேலை நாள். எபிசோடில் நடப்பதெல்லாம் அதற்குள் நடக்க வேண்டும். தொடங்கும்போது கடிதத்தில் கையெழுத்து, முடியும்போது வழக்கறிஞரின் மேசை.

நடுவில் அடி எங்கே விழும்? வங்கிக்காக வீட்டை மதிப்பிடுபவர் 3,80,000தான் பெறும் என்கிறார். விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி 90 விழுக்காடு கொடுக்கும். எதிர்பார்த்தது 3,60,000, கிடைப்பது 3,42,000. துண்டு விழுவது 18,000. இந்த 18,000 எங்கிருந்து வரும் என்பதுதான் உங்கள் இரண்டாம் பாதி. இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதியில் எடுத்துக்கொள்ளலாமே என்று கணவன் சொல்லலாம். ஆனால் வீட்டுக்காக எடுக்க, கையெழுத்தான எஸ்பிஏவைக் காட்டச் சொல்வார்கள். கையெழுத்துப் போடப் பணம் வேண்டும், பணம் எடுக்கக் கையெழுத்து வேண்டும். சிரிப்பு இங்கேயே தொடங்கிவிட்டது, கவனித்தீர்களா?

கணக்கில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், பார்க்கிறவர்களில் பாதிப்பேர் இந்த வழியாக வந்தவர்கள். மலாய்க்காரர், பூர்வகுடியினருக்கு என ஒதுக்கிய பூமிபுத்ரா யூனிட்டை, அந்த ஒதுக்கீட்டை விடுவிக்கும் அனுமதி இல்லாமல் நம் தமிழ் ஜோடி வாங்குவதாக எழுதினால் அந்த நொடியே அவர்கள் கதையை விட்டு வெளியே போய்விடுவார்கள். தவறான தகவல் ஒன்று போதும், அதற்கப்புறம் எந்த வசனத்துக்கும் சிரிப்பு வராது.

2. ஆளுக்கொரு ரகசியம்

வங்கியையும் ஏஜெண்டையும் வில்லனாக்கி எழுதுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் போகும் வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. வங்கி அதிகாரி நல்ல மனிதராகவே இருக்கட்டும், ஏஜெண்டும் உண்மையே பேசட்டும். சிக்கல் கணவன் மனைவிக்கு இடையில் இருந்தால்தான் அடுத்த வாரமும் பார்ப்பார்கள்.

தேவன், மலர் என்று வைத்துக்கொள்வோம். தங்கை கல்யாணத்துக்குத் தனிக் கடன் வாங்கியதைத் தேவன் மலரிடம் சொல்லவில்லை. மலர் கூத்து, அதாவது சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் ஒன்று இருப்பதைத் தேவனிடம் சொல்லவில்லை. இரண்டுமே அன்பினால் மறைத்தவை. இது ரொம்ப முக்கியம். கெட்ட எண்ணத்தில் மறைத்தது வெளியே வந்தால் அது மெகாசீரியல்.

3. ரகசியம் உடையும் காட்சி

இதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ரகசியத்தை யாரோ ஒட்டுக்கேட்டார்கள், தொலைபேசி மாறிப்போனது என்று எழுத வேண்டாம். அதைவிட நல்ல வழியை வங்கியே வைத்திருக்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்கிற கடன் அறிக்கை. ஒருவர் பெயரில் உள்ள வங்கிக் கடன்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கடனுக்கும் நேராகக் கடந்த 12 மாதத்துக்கான எண்கள். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 0, ஒரு மாதம் நிலுவை என்றால் 1, இரண்டு என்றால் 2. தாள் மேசையில் கிடக்கிறது. அதிகாரி வேறு எதையோ எடுக்கப் போயிருக்கிறார்.

மலர்: செப்டம்பர்ல 1. அக்டோபர்ல 2. இது யாரோட லோன்?
தேவன்: கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் தப்பா ஏறியிருக்கும்.
மலர்: அக்டோபர்லதானே எனக்குத் தீபாவளிக்கு வளையல் வாங்கிக் கொடுத்தீங்க?
தேவன்: (மெதுவாக) உனக்குப் பிடிச்சிருந்துச்சுல்ல?

கோபப்பட வேண்டிய இடத்தில் மலர் வளையலைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அதிகாரி திரும்பி வந்து, "இந்த 2 எதனால்?" என்று கேட்கும்போது மலரே முந்திக்கொண்டு கணவனைக் காப்பாற்றப் பொய் சொல்லட்டும். எபிசோடின் நடுப்புள்ளி அந்தப் பொய்தான். அங்கிருந்து இருவரும் ஒரே பக்கம்.

வசனம் நம் ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். "பதினெட்டாயிரம் வெள்ளிக்கு எங்க போறது?" என்றுதான் மலர் கேட்பாள், ரிங்கிட் என்று சொல்லமாட்டாள். சென்னைத் தொடர்களின் பேச்சு கைக்குத் தானாக வரும், எழுதி முடித்ததும் அதையெல்லாம் தேடி எடுத்துவிடுங்கள்.

4. தட்டச்சு, மென்பொருள்

கணினியில் முரசு அஞ்சல், கைப்பேசியில் செல்லினம். இரண்டுமே மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கியவை. எல்ஆர்டி ரயிலில் காதில் விழும் வசனத்தை உடனே குறித்துக்கொள்ள எனக்குச் செல்லினம்தான் வசதி.

திரைக்கதை வடிவத்துக்கு ஃபவுண்டன் முறையைச் சொல்வேன். சாதாரண எழுத்துக் கோப்பு, எந்தக் கருவியிலும் திறக்கும், செலவில்லை. மேக் வைத்திருப்பவர்கள் பீட் என்ற இலவச மென்பொருளில் எழுதலாம். ஆனால் தமிழில் எழுதும்போது ஒரு முட்டுக்கட்டை வரும், என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இதுதான். ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரும் வரியைத்தான் ஃபவுண்டன் பாத்திரப் பெயர் என்று கண்டுகொள்ளும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் பெயர், வசனம் எல்லாமே வர்ணனையாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

தீர்வு சுலபம். பாத்திரப் பெயருக்கு முன்னால் @ போடுங்கள்: @மலர். காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி: .வங்கி, பகல். பெயருக்கு மேலே ஒரு வரி காலியாக இருக்க வேண்டும், பெயருக்கும் வசனத்துக்கும் நடுவில் காலி வரி இருக்கக் கூடாது.

5. நேரம் பார்ப்பது

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது ஆங்கிலத் திரைக்கதைக் கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளம், எழுத்துருவும் வேறு, அதை நம்பாதீர்கள். இரண்டு பேரை உட்காரவைத்து சத்தமாகப் படிக்கச் சொல்லி நேரம் எடுங்கள். 22ஐத் தாண்டினால் வீடு பார்க்கும் காட்சியில் கை வையுங்கள். வங்கிக் காட்சியைத் தொடவே வேண்டாம்.

இடங்கள் மூன்று போதும்: வாடகை வீடு, வங்கி அதிகாரியின் மேசை, வாங்கப்போகும் வீடு. மின்தூக்கி, நீச்சல் குளம் என்று பொதுவிடங்களில் எழுதினால் படப்பிடிப்புக்கு நிர்வாக அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சின்னத் தயாரிப்புக்கு அது தேவையில்லாத அலைச்சல்.

பின்சேர்க்கை

பினாங்கை வைத்து எழுதலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாக எழுதலாம், ஆனால் சண்டையின் மையம் மாறும். இருவருக்கும் பாயான் லெப்பாஸில் வேலை என்றால், அந்தத் தீவிலேயே சின்ன வீடா, பாலத்துக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் அதே விலைக்குப் பெரிய வீடா என்பதுதான் கேள்வி. ரகசியத்துக்குப் பதிலாகப் பாலம் வந்துவிடும். காலை நெரிசலில் பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட காரில் ஒரு முழுக் காட்சி எழுதலாம், இறங்கிப் போகவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது. அந்தக் கதையில் தேவனின் அம்மாவை பட்டர்வொர்த்தில் குடிவையுங்கள். அக்கரையில் வீடு வாங்கத் தேவன் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் மலர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வாள்.