மழைத்தண்ணீர் வடிகிற கான் பாதியில் நின்றால் யாரைக் கேட்பது? மட்டக்களப்புக்கு வந்து குடியேறுகிறவர்களுக்கு

சுவிஸில் இருந்த காலத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை கெமைண்டவிலிருந்து (அங்கத்தைய ஊராட்சி மன்றம்) ஒரு சின்னப் புத்தகம் தபாலில் வரும். வரவு செலவு, புதிதாகப் போடப்போகும் தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடக் கூரை திருத்துகிற செலவு எல்லாம் அதில் இருக்கும். வாசிக்காமலே பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டி வாசலில் வைத்துவிடுவேன். மட்டக்களப்புக்குத் திரும்பி வந்த முதல் மாரியில், எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. இங்கே அப்படி ஒன்றும் வீடு தேடி வராது.

கனடா, லண்டன், சுவிஸ் என்று இருந்துவிட்டு ஊரோடு வருகிறவர்களுக்கும், தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்து முதல் தடவையாக இந்த மண்ணில் கால் வைக்கிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். கரண்ட் எடுக்க, தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வழிசொல்லச் சொந்தக்காரர் பத்துப் பேர் வருவார்கள். ஊருக்கு வந்த காசு என்னவாயிற்று என்று கேட்க வழிசொல்ல ஒருவரும் வரமாட்டார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. வந்த புதிதில் எல்லாரும் இதில்தான் தடுக்கி விழுகிறோம். செயலகம் கொழும்பின் கை. கச்சேரி (மாவட்டச் செயலகம்), அதற்குக் கீழே பிரதேச செயலாளர், அதற்குக் கீழே உங்கள் கிராம சேவகர் என்று இறங்கி வரும். சபை நாம் வாக்குப் போட்டுத் தெரிகிற உள்ளூராட்சி. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நகர சபைகள், மற்ற இடங்களில் 9 பிரதேச சபைகள். கடைசித் தேர்தல் 2025 மே 6 இல் நடந்தது. செயலகத்துக்கும் இந்தச் சபைகளுக்கும் நடுவில், திருகோணமலையில் தலைமையகத்தோடு மாகாண சபை நிர்வாகம் இருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் இல்லையென்றால் அநேகமாக அது மாகாணத்தின் அலுவல். புனித மிக்கேல் கல்லூரி மாதிரித் தேசியப் பாடசாலை என்றால் கொழும்பு. போதனா வைத்தியசாலையும் கொழும்பு. வீதியிலும் இதே பிரிவினைதான்: ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, சி, டி வகை மாகாணத்துக்கு, உங்கள் ஒழுங்கை சபைக்கு. ஒரே சந்தியில் மூன்று பேருடைய தார் கிடக்கும்.

மாகாண சபையின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து வருகிறவர்கள் அதை இன்னும் உயிரோடு இருக்கும் சபை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு வந்தது இது. வடக்கும் கிழக்கும் இணைந்திருந்ததை 2006 இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2008 மே மாதம் கிழக்குக்குத் தனியாக முதல் தேர்தல் நடந்து சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். 37 உறுப்பினர்கள், அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, வென்ற கட்சிக்கு மேலதிகமாக 2. 2012 இல் இரண்டாவது தேர்தல். அந்தச் சபையின் காலம் 2017 செப்டம்பர் 30 உடன் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று அதே ஆண்டில் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 இல் பாராளுமன்றத்தில் தோற்றது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று தேர்தல் அந்தரத்தில் தொங்கிவிட்டது.

ஆனால் திணைக்களங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. செலவு நடக்கிறது. அதற்கு மேலே ஜனாதிபதி நியமித்த ஆளுநர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார். கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியைக் கூப்பிட்டு "இந்தக் காசு எங்கே?" என்று கேட்கவேண்டிய உறுப்பினர்தான் இல்லை. அந்தக் கதிரைகள் காலியாகக் கிடக்கும்வரை கடிதம் எழுதிக் கேட்கிற குடிமகன்தான் எதிர்க்கட்சி. கொஞ்சம் பெரிய வார்த்தையாகத் தெரியலாம். செய்யவேண்டிய வேலை என்னவோ ஒரு முத்திரை வாங்குகிற அளவு சின்னது.

"நான் இங்க வரி கட்டுறதில்லையே, எனக்கு என்ன உரிமை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வந்தவுடன் காணி வாங்கினீர்களா? உறுதி எழுதும்போது நொத்தாரிசு உங்களிடம் முத்திரைத் தீர்வை வாங்கியிருப்பார், முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அது மாகாணத்துக்குப் போய், அங்கிருந்து காணி இருக்கிற சபைக்குத் திரும்பி வரவேண்டிய காசு. மோட்டார் சைக்கிளுக்கு வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பது பிரதேச செயலகத்தில். பணம் சேர்வது மாகாணத்துக்கு. இவற்றோடு ஆதன வரி, பழைய ஆட்கள் சோலைவரி என்பார்கள். இதெல்லாம் சிறுதுளி. மாகாணத்தின் பெருங்காசு கொழும்பிலிருந்து, நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் வருகிறது. அதிலும் பெரும்பகுதி ஆசிரியர், உத்தியோகத்தர் சம்பளத்துக்கே போய்விடும். கான் வெட்ட, பாலம் கட்ட, கூரை போட என்று மிஞ்சுகிற பகுதியைத்தான் நாம் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டும்.

இப்போது எங்கள் கானின் கதை.

ஒழுங்கையின் முகப்பிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த கொங்கிரீட் கான், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் நின்றுவிட்டது. கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறது, அதில் ஒரு சேவல் ஏறி நின்று கூவும். தண்ணீர் கானுக்குள்ளால் வந்து, கான் முடிகிற இடத்தில் அப்படியே பொங்கி எங்கள் வளவுக்குள் இறங்கும். முகப்பில் போட்டிருந்த பலகையில் தொகை இருந்தது. அந்தத் தொகைக்கு இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம். சந்தித் தேத்தண்ணிக் கடையில் கொந்தராத்துக்காரரைக் கள்ளன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் என் மனைவியின் சித்தப்பா முறை என்பது இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

முதல் கடிதம் எழுதினேன்: "இந்தக் கான் ஏன் பாதியில் நிற்கிறது?" ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, தாங்கள் கோரியது இவ்வலுவலகத்துக்குரிய விடயமல்ல என்று. செயலகத்துக்கு எழுதியிருக்கிறேன், வேலை சபையுடையது. இரண்டாவதைச் சரியான இடத்துக்கு அனுப்பினேன். "ஏன்" என்ற கேள்விக்கு "நிதிப் பற்றாக்குறை" என்று ஒரு வரி. மூன்றாவது தடவை, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தார். "ஏன் எண்டு கேட்காதீங்க தம்பி. ஏன் எண்டா கதை வரும். கடதாசியின்ட பேரச் சொல்லிக் கேளுங்க, கடதாசி வரும்." அப்படியே கேட்டோம்: மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அளவீட்டுக் குறிப்பு, கொடுத்து முடித்த வவுச்சர்கள்.

பதினொரு பக்கம் வந்தது. மேசையில் பரப்பி வைத்து மனைவியும் நானும் பார்த்தோம். வெட்டிய நீளத்துக்குத்தான் காசு கொடுத்திருந்தார்கள், ஒரு மீற்றர் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பலகையில் இருந்தது முழு வேலைக்கான தொகை. ஒதுக்கீட்டுக் கடிதம் வந்து சேர்ந்ததே புரட்டாதியில். கேள்வி (டெண்டர்) அறிவித்தல், ஒப்பந்தம் எல்லாம் முடிந்து மண்ணைத் தோண்டும்போது ஐப்பசி மழை. மழைக்குள் வேலை நின்றது, டிசம்பர் 31 வந்தது, மிச்சக் காசு திரும்பிப் போய்விட்டது. "காசு திரும்பிப் போச்சு" என்ற வார்த்தையை இந்த ஊரில் நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். நம்முடைய மாரி ஐப்பசியில் தொடங்கித் தை வரை நிற்கும் என்பது கொழும்பில் பணம் விடுவிக்கிற மேசைக்குத் தெரியாது. கள்ளனைத் தேடிப் போன எனக்கு ஒரு கலண்டர்தான் அகப்பட்டது. சித்தப்பாவின் வீட்டுக்கு ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு போய் வந்தேன்.

சட்டம் இதுதான்: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில். மாகாணத் திணைக்களம், சபை, செயலகம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒவ்வொன்றிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கவேண்டும். நியமிக்காவிட்டால் அலுவலகத் தலைவரே அந்த இடத்தில் நிற்கிறார். படிவம் கிடைத்தால் நிரப்புங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத்தாள் போதும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டால் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "வெளிநாட்டில இருந்து வந்து எங்களுக்கு ஆடிற் பண்ணுறீங்களா" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே கடிதம் கிடைத்ததற்கான எழுத்து மூல அத்தாட்சியை வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாள். தருகிறோம் என்றால் தகவலைத் தர அதற்குப் பிறகு 14 நாள். தேட நிறைய இருந்தால் இன்னும் 21 நாள் வரை கேட்கலாம். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு 3 கிழமை. அதற்குப் பிறகு 2 மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். தமிழில் எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள்; வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. சிங்களத்தில் பதில் வந்தால் அதைத் திருப்பி அனுப்ப வெட்கப்படவேண்டாம்.

ஒரு முள் இருக்கிறது. இந்த உரிமை இலங்கைப் பிரசைகளுக்கு மட்டும். இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவர் கேட்கலாம். சுவிஸ் கடவுச்சீட்டோடு வதிவிட விசாவில் இருக்கிறவர் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகள் முதலில் பிரசாவுரிமைப் பதிவை முடிக்கவேண்டும். அதுவரை மாமாவோ மச்சாளோ தன் பெயரில் எழுதட்டும். ஊர்ச் சங்கத்தின் பெயரிலும் எழுதலாம், உறுப்பினரில் நாலில் மூன்று பங்காவது பிரசைகளாக இருந்தால். எங்கள் ஒழுங்கையில் இப்போது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்தாளில்தான் எழுதுகிறோம். தனியாள் கேட்டால் "இவருக்கு என்ன கோபமோ" என்று வரும், சங்கம் கேட்டால் வராது.

சபைகளின் கணக்காய்வு அறிக்கைகளையும் பாருங்கள். தேசிய கணக்காய்வு அலுவலகம் வெளியிடும் அறிக்கையில் உங்கள் சபை அறவிடாமல் விட்ட வாடகை, ஓடாமல் நிற்கிற உழவு இயந்திரம் வரை எழுதியிருக்கும். நீங்கள் கேள்வி தேடி அலையவேண்டியதே இல்லை, கணக்காய்வில் எழுப்பிய ஐயவினாவை எடுத்து "இதற்குச் சபை கொடுத்த பதிலின் பிரதி" என்று கேட்டால் போதும். இலஞ்சம் என்று உறுதியாகத் தெரிந்தால் அது வேறு வழி, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி 1954. தேத்தண்ணிக் கடை அதற்கு இடமில்லை, என்னைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றைக் கவனமாகச் சொல்கிறேன். எங்கள் கரையோரத்தில் ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மதிலுக்கு மதில் இருக்கிறது. அம்பாறைப் பக்கம் கல்முனையில் ஒரு செயலகப் பிரிவுக்காகவே எத்தனை வருட இழுபறி. "அவங்கட ரோட்டுக்கு மட்டும் காசு" என்று தொடங்கினால் உங்கள் கேள்வி அந்த நிமிடமே செத்துவிடும், அதிகாரிக்கு அதைவிட வசதியான கேள்வி கிடையாது. எங்கள் வட்டாரத்துக்குக் கேட்ட அதே நாலு கடதாசியை அடுத்த வட்டாரத்தில் இருக்கிற சிநேகிதரையும் கேட்கச் சொன்னேன். அவர்களுடைய கானும் டிசம்பர் 31 இல்தான் நின்றிருந்தது.

கோயில் கணக்கைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டுமா? திருவிழா முடிந்து பொதுக்கூட்டத்தில் வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) கணக்கு வாசிக்கும்போது, சூடம் எத்தனை பெட்டி, இளநீர் எத்தனை என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். அந்தக் குரல்காரர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சபையின் மாதாந்த அமர்வுக்குப் பார்வையாளராகப் போகும்போது, வரவு செலவுத் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிற நாட்களில், அவர்கள் கூட வந்தால் உங்களுக்கு இரண்டு கண் கூடுதல்.

நாங்கள் இந்த முறை கடிதத்தை ஜனவரியிலேயே போட்டோம்: எங்கள் வட்டாரத்துக்கான இவ்வருட ஒதுக்கீடு எவ்வளவு, ஒதுக்கீட்டுக் கடிதம் கிடைத்த திகதி என்ன, கேள்வி கோரப்போகும் திகதி என்ன. பதிவுத்தபால் துண்டு சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி நாள் எண்ணுகிறா. "பதினாலு ஆச்சே மனே, இன்னும் வரல்லையா?" வேலை நாள் ஆச்சி, சனி ஞாயிறு சேராது, போயாவும் பொங்கலும் சேராது என்றேன். "அப்ப மறுகா முதல்ல இருந்து எண்ணுறன்" என்று கலண்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனா.