ஐபிஎம் ஐ சர்வரில் இரண்டு க்யூசெக்ஆஃபர் உண்டு

ஐபிஎம் ஐ என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. க்யூசெக்ஆஃபர் (க்யூ.எஸ்.இ.சி.ஓ.எஃப்.ஆர்., அதாவது பாதுகாப்பு அதிகாரி) என்ற பெயரில், உயர்ந்த அதிகாரம் கொண்ட இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்று ஆபரேட்டிங் சிஸ்டத்துடையது, மற்றொன்று எஸ்எஸ்டி (சிஸ்டம் சர்வீஸ் டூல்ஸ்), டிஎஸ்டி (டெடிகேட்டட் சர்வீஸ் டூல்ஸ்) எனும், சர்வரைப் பராமரிக்க உதவும் சர்வீஸ் டூல்களுடையது. ஒன்றின் பாஸ்வேர்டை மாற்றினால் மற்றது மாறாது.

சர்வீஸ் டூல் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? ஆபரேட்டிங் சிஸ்டத்தில் க்யூசெக்ஆஃபராக உள்நுழைந்து, சி.எச்.ஜி.டி.எஸ்.டி.பி.டபிள்யூ.டி. கட்டளையை ஸ்டார் டிஃபால்ட் என்ற மதிப்போடு கொடுங்கள். பாஸ்வேர்டு க்யூசெக்ஆஃபர் என்றே ஆகிவிடும். பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

சிக்கல் இனிமேல்தான். அந்த பாஸ்வேர்டு காலாவதியான நிலையில் இருக்கும். எஸ்எஸ்டி உள்நுழைவுத் திரையில் எஃப்9 அழுத்தி மாற்றப் பார்த்தால் பல சர்வர்களில் மறுத்துவிடும். காலாவதியான டிஃபால்ட் பாஸ்வேர்டை அங்கே மாற்ற அனுமதிக்கும் அமைப்பு வழக்கமாக ‘இல்லை’ என்றே இருப்பதுதான் காரணம். அப்போது சர்வரை மேனுவல் மோடில் வைத்து, கண்ட்ரோல் பேனலில் டிஎஸ்டியைத் திறக்கும் ஃபங்ஷன் 21 கொடுத்து, கன்சோலில் டிஎஸ்டி வழியாக மாற்றுங்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பாஸ்வேர்டு போனாலும் டிஎஸ்டியிலிருந்து அதை மீட்கலாம். இரண்டுமே போனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மறுபடி நிறுவ நேரிடலாம். அதனால் இன்றே க்யூசெக்ஆஃபருக்கு உள்ள அதே உரிமைகளோடு இன்னொரு சர்வீஸ் டூல் கணக்கை உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை உறையிலிட்டு, பெட்டகத்தில் பூட்டி வையுங்கள்.