கொல்லையில் ஷட்டில் தளம்: மூடாக்கை எடுத்துவிட்டுத் தளம் போடுபவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் உறவினர் ஒருவரின் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். தென்னை மட்டையும் சருகும் போட்டு மண்ணை மூடி மூடாக்கு வைத்திருந்த இடத்தில் பிள்ளைகள் ஷட்டில் ஆட ஒரு தளம் வேண்டும் என்று நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார். கொத்தனார் சொன்னார்: "மேல இருக்கிறத வாரிட்டு கான்கிரீட் போட்டுரலாங்க, ரெண்டு நாள் வேலை." எட்டு வருடத்துக்கு முன்பு எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். நானும் சரி என்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வலை நடுவில் 5 அடி, கம்பத்தில் 5 அடி 1 அங்குலம், தளம் 44க்கு 20 அடி. இதையெல்லாம் யாரும் தவறவிடுவதில்லை. சுற்றிலும் 4 அடியாவது விட்டு, 52க்கு 28 அடி ஒதுக்குங்கள். தவறுகள் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கின்றன.

மூடாக்கு போட்டிருந்த மண்ணின் மேலேயே கான்கிரீட்

எங்கள் கொல்லையில் பன்னிரண்டு வருடம் தென்னை மட்டை, உரிமட்டை, சப்போட்டா சருகு எல்லாம் விழுந்து மட்கிக் கிடந்தது. கையாலேயே கிளறலாம், அவ்வளவு பொலபொலப்பு. செடிக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. தளத்துக்கு அதைவிட மோசமான மண்ணும் கிடையாது.

வேலைக்கு வந்தவர்கள் மேலாக நாலு அங்குலம் வாரினார்கள். கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, மேலே நாலு அங்குலம் கான்கிரீட் போட்டார்கள். "அடியில மெத்து மெத்துன்னு இருக்கே" என்று என் மனைவி கேட்டாள். "மழை பெஞ்சா இறுகிடும்மா" என்று பதில் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பதில் எரிச்சலைத் தருகிறது. இறுகும், உண்மைதான். ஆனால் அது இறுகும்போது மேலே இருக்கும் கான்கிரீட் கூடவே இறங்காது. அடியில் மண் தாழ்ந்து, நடுவில் வெற்றிடம் விழும்.

முதல் ஐப்பசி மழை தாங்கியது. இரண்டாம் வருட மழைக்குப் பிறகு கிணற்றுப் பக்க மூலையில் காலால் தட்டினால் டொம் டொம் என்று சத்தம் கேட்டது. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வெடிப்பின் ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. பின்னால் ஓடிப் பந்தை எடுக்கப் போன என் மகள் அதில்தான் கால் தடுக்கி விழுந்தாள். மூன்று வாரம் கணுக்காலில் கட்டு. அப்புறம் முழுவதையும் உடைத்தோம். உடைத்து அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டவே, போட்ட செலவில் கால் பங்கு ஆனது.

மட்கிய மண் மட்கிக்கொண்டேதான் இருக்கும். சருகும் நாரும் கரையக் கரைய அதன் பருமன் குறையும். மண்புழு போட்ட வளைகளும் வேர் போன வழிகளும் காற்றுப் பைகளாக இருக்கும். எத்தனை கம்பி கட்டினாலும் அடியில் பிடிமானம் இல்லாத கான்கிரீட் நிற்காது.

அதனால் ஆழம் எவ்வளவு என்று கொத்தனாரிடம் கேட்காதீர்கள், மண்ணிடம் கேளுங்கள். நாலைந்து இடத்தில் கடப்பாரையைப் போட்டுப் பாருங்கள். அது எவ்வளவு ஆழம் சுலபமாக இறங்குகிறதோ அவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும். கறுப்பு நிறமும் மட்கு வாசனையும் வேரும் நின்று, இயற்கை மண் தெரிய வேண்டும். எங்களுக்கு ஒன்றரை அடியில் தெரிந்தது. அதன்பின் கிராவலை ஒரே மூச்சாகக் கொட்டாமல், அரை அடிக்கு ஒரு அடுக்காகப் பரப்பி, நனைத்து, ரோலரோ திம்மிசோ (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இறுக்கி, அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். இரண்டாம் முறை இதற்காகவே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

தோண்டிய மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். தென்னைக்கும் வாழைக்கும் போடுங்கள்.

கரிசல் மண்ணாக இருந்தால் இந்தக் கணக்கு போதாது. அது மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கே பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

தண்ணீர் போகும் வழியை யோசிக்காதது

மூடாக்கு குடித்த மழையைக் கான்கிரீட் குடிக்காது. 52க்கு 28 அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,350 லிட்டர் தண்ணீர் வழிந்து வரும். வீட்டுச் சுவர்ப் பக்கம் வாட்டம் (சரிவு) வைத்தால் அத்தனையும் அஸ்திவாரத்துக்குத்தான் போகும்.

பத்தடிக்கு ஓரங்குலம் வாட்டம் வையுங்கள். முழுத் தளமும் ஒரே பக்கமாகச் சரிய வேண்டும், நடுவில் மேடு கூடாது. அகலவாக்கில் சரித்தால் 28 அடிக்கு மூன்று அங்குலத்துக்குள்தான் வரும், ஆடும்போது தெரியாது. தாழ்ந்த பக்கத்தில் ஜல்லி நிரப்பிய கால்வாய் வெட்டி மரத்துக்கோ உறிஞ்சு குழிக்கோ விடலாம். வேலை முடிந்ததும் தளம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தேங்கிய இடத்தில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு, காசு மூழ்கினால் அந்த இடத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கண்ணாடி மாதிரி வழுவழுப்பு

வேண்டாம். ஈரம் காயும் முன்பே துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள்.

கிழக்கு மேற்காக நீளம்

சாயங்கால வெயில் ஒருவர் கண்ணில் அடித்துக்கொண்டே இருக்கும். நீளம் வடக்கு தெற்காக.

தென்னைக்கு அடியில்

கூடவே கூடாது.

அவசரம்

பத்து நாளாவது கான்கிரீட் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வையுங்கள். போட்ட மறுநாளே பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு இடத்தில், ஓரங்குல ஆழத்துக்கு வெட்டு விடச் சொல்லுங்கள். விரிசல் வந்தாலும் அந்தக் கோட்டிலேயே வரும். பெயிண்ட் 28 நாளுக்குப் பிறகுதான்.

உறவினர் கொல்லையில் கடப்பாரை இரண்டடி வரைக்கும் இறங்கியது. தோண்டி, கிராவல் நிரப்பி இறுக்கியிருக்கிறார்கள். கான்கிரீட்டை இந்த மழை முடிந்து தையில் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் கிராவல் மேலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு, நைலான் ஷட்டிலில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். எங்காவது தாழ்ந்தால் ஒரு கூடை கிராவல் போட்டுத் தட்டினால் சரியாகிவிடும்.