‘நெ’ என்றால் ஆமாவா, இல்லையா?

ஏதென்ஸ் கடையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் “நெ” என்கிறார். இல்லை போலிருக்கிறது என்று நடையைக் கட்டினால் தாகத்தோடு திரிய வேண்டியதுதான். கிரேக்கத்தில் ‘நெ’ என்றால் ஆமாம். மறுப்புக்கு ‘ஓஹி’ என்பார்கள்; அவசரத்தில் அது ‘ஓக்கே’ போலக் காதில் விழும். இரண்டு பக்கமும் வழுக்கும். வாயைத் திறக்காமலே தலையைச் சற்று மேல்நோக்கி வெட்டிப் புருவத்தை உயர்த்தினாலும் அங்கே மறுப்புதான்.

நாம் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. செக், செர்பியன், பல்கேரியன், லிதுவேனியன் எல்லாவற்றிலும் ‘நெ’ மறுப்பு. லாட்வியனில் நீட்டி ‘நே’. ஆங்கிலத்தின் நோ, நாட், நெவர், லத்தீனின் நோன், சமஸ்கிருதத்தின் ‘ந’ எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. இதைப் படித்தவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள்: கிரேக்கர்கள் அந்த வேரின் பொருளைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை. கிரேக்கச் சொல் வேறு. பழைய கிரேக்கத்தில் அது ‘நை’. சீயஸ் கடவுள் மேல் ஆணையிட்டு உறுதி சொல்லும்போது வரும் இடைச்சொல். பிற்காலத்தில் ‘ஐ’ ஒலி ‘எ’ ஆகத் தேய்ந்ததால்தான் இரண்டும் ஒன்றுபோல ஆயின. எழுத்தில் இன்றும் பழைய இரட்டை உயிர் அப்படியே நிற்கிறது. சாக்ரடீசின் காலத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

பிரெஞ்சில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே ‘ந’ வினைக்கு முன்னால் நிற்கும், ‘பா’ பின்னால் வரும். ‘ந’தான் மறுப்பு, ‘பா’ வெறும் ஒட்டு என்று நினைப்பது இயல்பு. வரலாற்றில் அது சரி. ‘பா’ என்றால் காலடி. ‘ஓரடிகூட நடக்கவில்லை’ என்று அழுத்திச் சொல்லச் சேர்ந்த சொல். அதேபோல ரொட்டித்துணுக்கு, துளி, புள்ளி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் மறுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் இன்றைய பேச்சில் ‘எனக்குத் தெரியாது’ என்பது ‘ஜெ செ பா’. ‘ந’ காணாமல் போய்விட்டது, காலடிதான் மறுக்கிறது. பழைய மறுப்புச் சொல் மெலிய, துணைக்கு வந்தது அதன் இடத்தைப் பிடிக்கும் இந்தப் போக்கை டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் விரிவாக எழுதினார். அவர் பெயரால் ‘யெஸ்பர்சன் சுழற்சி’ என்கிறார்கள்.

இதிலேயே இன்னொரு பொறி. ‘அவன் வந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது’ என்பதற்குப் பிரெஞ்சு எழுத்து நடையில் வினைக்கு முன்னால் ஒரு ‘ந’ வரும், ‘பா’ வராது. அங்கே மறுப்பே கிடையாது. ‘வரமாட்டானோ’ என்று மொழிபெயர்த்தால் கதையே மாறிவிடும்.

இத்தாலியனில் எழுத்தின் மேலுள்ள கோட்டைக் கவனிக்காமல் படிக்கக் கூடாது. மேலே கோடு போட்ட ‘நெ’ என்றால் ‘அதுவுமில்லை இதுவுமில்லை’. கோடில்லாதது ‘அதில், அதைப்பற்றி’ என்று சுட்டும்; ‘அங்கிருந்து’ எனப் பொருள்படும் ‘இந்தே’ என்ற லத்தீன் சொல்லின் தேய்வு அது. ஜெர்மன் பேச்சிலும் இரண்டு உண்டு. தனியாகச் சொன்னால் பெரும்பாலும் ‘இல்லை’, பெயர்ச்சொல்லுக்கு முன் வந்தால் ‘ஒரு’ என்ற சொல்லின் சுருக்கம். ஹங்கேரியனில் ‘நெ’ என்றால் ‘வேண்டாம், செய்யாதே’. ஆனால் அந்த மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பமே அல்ல; ஒலி ஒத்துப்போகிறதென்று செக்கோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். போலிஷ்காரர் பேச்சுவாக்கில் ‘நோ’ என்றால், நம்புங்கள், ‘ஆமாம், அதேதான்’ என்கிறார்.

போர்ச்சுகீசியர் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘நெ?’ என்று முடித்தால் உங்களை மறுக்கிறார்கள் என்று முகம் சுருங்க வேண்டாம். ‘அல்லவா’ எனப் பொருள்படும் இரண்டு சொற்கள் சேர்ந்து தேய்ந்தது அது. ‘நல்லா இருக்கு, இல்ல?’ என்று நாம் கேட்கிறோமே, அந்த ‘இல்ல’. சிங்களவரின் ‘நே?’ கேட்டுப் பழகிய இலங்கைத் தமிழருக்கு இதை விளக்கவே தேவையிருக்காது.